குரல் அஞ்சல் பெட்டிகள் இடம் மாறும்போது

ஒரு நாட்டின் முன்னேற்றத்தில் சாலைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள பங்கு செய்தித் தொடர்புக்கும் உண்டு. ஓர் ஊருக்குத் தொலைபேசி வந்து சேர்ந்ததும் இப்பணி நிறைவு பெற்றதாகக் கருதிவிட இயலாது. தொலைபேசியைப் பயன்படுத்துவோர் ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாற நேரிடுகிறது. அலுவலகங்கள் ஒன்றாக இணைக்கப்படுகின்றன; சில வேளைகளில் பிரிக்கப்படுகின்றன. பழைய கருவிகள் ஓய்வு பெற்று, புதியவை இடம்பெறுகின்றன. இத்தகைய மாற்றங்களின்போது பயனாளரின் முகவரி என்ன ஆகிறது? அவருக்காகக் காத்திருக்கும் செய்திகள் எங்கே போகின்றன? இவ்விரு கேள்விகளும் மாற்றம் நடந்து முடிந்த பின்னரே பெரும்பாலும் எழுப்பப்படுகின்றன. முன்னரே எழுப்பப்படுமாயின், பின்னர் நேரும் இழப்புகளில் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும்.

தனித்தனி வலையமைப்புகளில் இயங்கும் குரல் அஞ்சல் வழங்கிகளுக்கிடையே பயனாளர்களை இடம் மாற்றும் முறை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. முதல் பார்வையில் இது பொறியாளருக்கு மட்டும் உரிய செய்தியாகத் தோன்றலாம். உண்மையில் அலுவலகத் தலைவரும், விதிகளை வகுப்போரும், சாதாரணச் சந்தாதாரரும் அறிந்திருக்க வேண்டிய பல உண்மைகள் இதில் அடங்கியுள்ளன.

எல்லையின் இரு பக்கங்கள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மாட்டுப்பட்டி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இவ்வூர் அணைக்கட்டினாலும், 1963-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்திய–சுவிஸ் கால்நடை அபிவிருத்தித் திட்டத்தினாலும் பெயர் பெற்றது. இங்கிருந்து குண்டளை வழியாகச் செல்லும் சாலை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய டாப் ஸ்டேஷனைச் சென்றடைகிறது. மலைச்சரிவின் மறுபுறம் தேனி மாவட்டம். இப்பகுதித் தேயிலைத் தோட்டங்களில் உழைப்போரில் பெரும்பாலோர் தமிழர். அவர்களுடைய உற்றார் உறவினர் எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு ஊர்களில் வாழ்கின்றனர். இவ்விரு சாராரையும் அன்றாடம் இணைத்து வைப்பது தொலைபேசியே ஆகும்.

நிலப்படத்தில் காணும் மாநில எல்லையைப் போலவே தொலைத்தொடர்பிலும் இங்கு ஓர் எல்லை உண்டு. கைபேசிச் சேவைக்காக நாடு 22 உரிமச் சேவைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இவை வழக்கில் ‘வட்டங்கள்’ எனப்படுகின்றன. மாட்டுப்பட்டி கேரள வட்டத்தைச் சேர்ந்தது; போடிநாயக்கனூர் தமிழ்நாடு வட்டத்தைச் சேர்ந்தது. நிலையான தொலைபேசியிலும் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். மூணாற்றுப் பகுதியின் தொலைதூரக் குறியீடு 04865. தேனிப் பகுதியின் குறியீடு 04546. கம்பிவழித் தொலைபேசியின் எண் ஊரோடு பிணைக்கப்பட்டது. குடும்பம் ஊர் மாறினால் எண்ணும் மாறியாக வேண்டும்.

செய்தி காத்திருக்க ஓர் இடம் வேண்டும் என்பதன் பொருளை இம்மலைப்பகுதி மக்கள் நன்கு அறிவர். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் நிகழ்ந்த நிலச்சரிவில் 70 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப் போயிருந்தமையால், அச்செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. அறுபடாத இணைப்பே முதல் தேவை என்பதில் ஐயமில்லை. இணைப்பு மீளும் வரையில் உறவினர் அனுப்பும் செய்திகள் பாதுகாப்பாக ஓரிடத்தில் தங்கியிருக்க வேண்டும் என்பது அதற்கு அடுத்த தேவை. எழுத்தறிவு குறைந்தோர்க்கும், வந்துள்ள எழுத்துச் செய்தியின் மொழியை அறியாதோர்க்கும் அச்செய்தி குரல் வடிவில் இருப்பது பெரும் துணையாகும்.

குரல் அஞ்சல் என்பது யாது?

அழைக்கப்பட்டவர் பேச இயலாத நிலையில் இருக்கும்போது, அழைத்தவரின் பேச்சைப் பதிவு செய்து வைத்து, பின்னர் உரியவருக்குக் கேட்கச் செய்யும் ஏற்பாடே குரல் அஞ்சல். வீட்டில் வைக்கப்படும் பதிவுக் கருவியும் இதே வேலையைச் செய்யும். ஆயினும் குரல் அஞ்சலில் செய்தி தங்குவது பயனாளரின் வீட்டில் அன்று. வலையமைப்பின் நடுவில் உள்ள ஒரு கணினியில். அக்கணினியே ‘வழங்கி’ எனப்படுகிறது. கைபேசி அணைந்திருந்தாலும், மின்சாரம் நின்றிருந்தாலும், வழங்கி விழித்திருக்கும்.

அமெரிக்காவின் கோர்டன் மேத்யூஸ் என்பவர் இம்முறைக்கான காப்புரிமையை 1983-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி பெற்றார். அலுவலகங்களில் முதலில் பரவிய இச்சேவை பின்னர்க் கைபேசி வலையமைப்புகளிலும் இடம்பெற்றது. நம் நாட்டில் மின்னஞ்சல், குரல் அஞ்சல், வானொலி அழைப்புக் கருவி, கைபேசி முதலிய மதிப்புக் கூட்டுச் சேவைகள் 1992-ஆம் ஆண்டு ஜூலையில் தனியார் முதலீட்டிற்குத் திறந்துவிடப்பட்டன. கைபேசி பெருவெள்ளமெனப் பரவிய அளவுக்குக் குரல் அஞ்சல் இங்குப் பரவவில்லை. ‘மிஸ்டு கால்’ கொடுத்து, மீண்டும் அழைக்கச் செய்யும் பழக்கமே மேலோங்கியது. இருந்தபோதிலும் அலுவலகங்கள், மருத்துவமனைகள், வங்கிகள் போன்றவற்றின் உள்தொலைபேசி அமைப்புகளில் குரல் அஞ்சல் பெட்டிகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன.

பயனாளரின் மூன்று கூறுகள்

ஒரு வழங்கியின் பார்வையில் பயனாளர் என்பவர் மூன்று கூறுகளின் தொகுப்பாவார்.

முதலாவது, முகவரி. இது தொலைபேசி எண்ணாகவோ, அலுவலகத்தின் உள்ளிணைப்பு எண்ணாகவோ இருக்கும். பிறர் அவரைத் தேடி வருவது இதைக் கொண்டுதான்.

இரண்டாவது, அடையாளச் சான்று. பெட்டியைத் திறப்பதற்கான கடவு எண்ணும், அவர் எந்தெந்த வசதிகளைப் பயன்படுத்தலாம் என்னும் அனுமதிகளும் இதில் அடங்கும்.

மூன்றாவது, இருப்பு. கேட்கப்பட்ட செய்திகள், கேட்கப்படாத செய்திகள், பயனாளர் தம் குரலில் பதிந்துள்ள வரவேற்புரை, பெயர்ப் பதிவு, பலருக்கு ஒரே செய்தியை அனுப்ப அவர் தொகுத்துள்ள பட்டியல்கள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இம்மூன்றும் ஒரே வழங்கியில் இருக்கும் வரையில் இவற்றிடையே உள்ள வேறுபாடு எவருக்கும் புலப்படுவதில்லை. பயனாளர் இடம் மாறும்போதுதான் மூன்றும் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. முகவரியை மாற்றுவது எளிது; அடையாளச் சான்றை அப்படியே மாற்ற இயலாது; இருப்பை மாற்றலாம், ஆயினும் அதற்கு உழைப்பு வேண்டும். இம்மாற்றத்தின் சிக்கல்கள் அனைத்தும் இம்மூன்று வாக்கியங்களுள் அடங்கும் எனலாம்.

எண்ணைப் பெயர்த்த அனுபவம்

முகவரியை மட்டும் பெயர்த்தால் என்ன நிகழும் என்பதற்கு நம் நாட்டிலேயே மாபெரும் சான்று உள்ளது. கைபேசி எண் பெயர்வு வசதி 2010-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி அரியானாவில் தொடங்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதி நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அப்போது ஒரே வட்டத்திற்குள் நிறுவனத்தை மாற்றிக்கொள்ள மட்டுமே இயன்றது. மாட்டுப்பட்டியில் குடியேறிய ஒருவர் தம் தமிழ்நாட்டு எண்ணைக் கேரள வட்டத்தின் இணைப்பாக மாற்றிக்கொள்ள வழியில்லை. அந்த எண்ணையே வைத்துக்கொண்டால் ‘ரோமிங்’ கட்டணம் செலுத்த வேண்டும். கட்டணத்தைத் தவிர்க்க விரும்பினால் எண்ணைக் கைவிட வேண்டும். 2015-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி வட்டங்களுக்கிடையேயும் எண் பெயர்வு நடைமுறைக்கு வந்தது. எல்லையோர மக்களுக்கும், பிழைப்பை நாடி மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர்க்கும் இது சிறப்பான நன்மையாக அமைந்தது.

எண் எவ்வாறு பெயர்கிறது? சந்தாதாரர் தம் கைபேசியிலிருந்து 1900 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, தனிப் பெயர்வுக் குறியீடு ஒன்றைப் பெறுகிறார். அதனைப் புதிய நிறுவனத்திடம் அளித்து விண்ணப்பிக்கிறார். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வட்டத்திற்குள் மாறுவதற்கு 3 வேலை நாட்களும், வேறு வட்டத்திற்கு மாறுவதற்கு 5 வேலை நாட்களும் வரையறுக்கப்பட்டன. மாற்றம் முடிந்ததும், ‘இன்ன எண் இப்போது இன்ன வலையமைப்பில் உள்ளது’ என்னும் குறிப்பு ஒரு மையத் தரவுத் தொகுப்பில் பதிவாகிறது. அதன் பிறகு எவர் அந்த எண்ணை அழைத்தாலும், அழைப்பவரின் வலையமைப்பு முதலில் அத்தொகுப்பின் விவரத்தைப் பார்த்து, அழைப்பை உரிய இடத்திற்கு அனுப்புகிறது. ஊர் மாறியவரின் புதிய விலாசத்தை அஞ்சலகம் குறித்து வைத்திருப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

எண் பெயர்வில் உடன் வருவது எண் மட்டுமே என்பது இங்குக் கருதத்தக்கது. முன்பணமாகச் செலுத்தியதில் எஞ்சிய பேச்சுத் தொகை வருவதில்லை. பழைய வலையமைப்பின் வழங்கியில் தங்கியிருந்த குரல் அஞ்சல்களும் வருவதில்லை. பழைய பெட்டி மூடப்படுகிறது. புதிய நிறுவனம் அளிப்பின், வெறுமையான புதிய பெட்டி ஒன்று திறக்கப்படுகிறது. முகவரியைப் பயனாளரின் உரிமையாக விதிகள் ஏற்றுக்கொண்டன. இருப்பைக் குறித்து அத்தகைய ஏற்பாடு இல்லை. பழைய இணைப்பிலிருந்து மாறுமுன் காத்திருக்கும் செய்திகளைக் கேட்டுவிடுவது, வேண்டியவற்றைக் குறித்துக்கொள்வது ஆகியவை சந்தாதாரரின் பொறுப்பாகவே உள்ளன.

இதற்கு மாறான நிலையையும் இன்று காண்கிறோம். 2013-ஆம் ஆண்டில் வாட்ஸ்அப் செயலியில் குரல் செய்தி வசதி சேர்க்கப்பட்டது. இன்று தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் உட்படப் பலரும் பயன்படுத்துவது இத்தகைய குரல் செய்தியையே. இச்செயலியின் கணக்கு எண்ணோடு பிணைக்கப்பட்டதேயன்றி, தொலைபேசி நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டதன்று. ஆகவே எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மாற்றும்போது கணக்குக்கும் செய்திகளுக்கும் ஊறு நேர்வதில்லை. எண்ணையே கைவிடுவோரின் நிலை வேறு. செயலிழந்த எண் குறைந்தது 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்கு அளிக்கப்படலாம். வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு இணைப்பு ஆகிய அனைத்தும் ஓர் எண்ணைச் சுற்றியே அமைந்துள்ள இந்நாளில், எண்ணைக் கைவிடுவது வீட்டின் சாவியை வழியில் விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும்.

அலுவலகப் பெட்டிகளின் நிலை

தனியொருவர் தாமே முடிவு செய்து இணைப்பை மாற்றுவது ஒருவகை. ஒரு நிறுவனம் தன் பணியாளர் அனைவருடைய பெட்டிகளையும் ஒரு வழங்கியிலிருந்து மற்றொரு வழங்கிக்கு மாற்றுவது வேறொரு வகை. இங்குச் செய்திகளைப் பெயர்க்காமல் விட்டுவிடுவது ஏற்கத்தக்கதன்று. பெட்டியில் இருப்பவை பணியாளரின் சொந்தச் செய்திகள் மட்டுமல்ல. பொதுமக்கள் அளித்த புகார்களும் வேண்டுகோள்களும் அவற்றில் இருக்கக்கூடும்.

இரு வழங்கிகளும் ஒரே வலையமைப்பு ஆட்களத்தில் இருப்பின் வேலை எளிது. ஆட்களம் என்பது ஒரே பயனாளர் பட்டியல், ஒரே பாதுகாப்பு விதிகள், ஒரே நிர்வாகம் ஆகியவற்றுக்கு உட்பட்ட கணினிகளின் தொகுதி. அதனுள் பயனாளரின் பெயர் ஒரே பட்டியலில் உள்ளதால், அவருடைய பெட்டி எந்த வழங்கியில் உள்ளது என்னும் ஒரு குறிப்பை மாற்றினால் பெரும்பகுதி முடிந்துவிடும். தனித்தனி ஆட்களங்களிலோ, ஒன்றின் பட்டியலை மற்றொன்று அறியாது. ஓர் ஆட்களத்தில் முழு அதிகாரம் பெற்ற நிர்வாகிக்கு மற்றதில் நுழையவும் உரிமை இல்லை. இரு அரசுகளுக்கிடையே உடன்படிக்கை இல்லாதபோது ஒன்றின் ஆணை மற்றதில் செல்லாதது போன்றதே இது.

இந்நிலையில் இரு வழிகள் உள்ளன. இரு ஆட்களங்களுக்கும் இடையே வரையறுக்கப்பட்ட நம்பிக்கை உறவை ஏற்படுத்தி, மாற்றத்திற்கென ஒரு தனிக் கணக்குக்கு மட்டும் இருபுறமும் அனுமதி அளிப்பது முதல் வழி. பழைய வழங்கியிலிருந்து அனைத்தையும் கோப்புகளாக வெளியே எடுத்து, மறைகுறியாக்கம் செய்து, புதிய வழங்கியில் உள்ளே ஏற்றுவது இரண்டாவது வழி. முதலாவது விரைவானது, இரண்டாவது பாதுகாப்பில் மேம்பட்டது. இரு நிர்வாகங்களும் வெவ்வேறு துறைகளுக்கு உரியவையாயின் பெரும்பாலும் இரண்டாவதே பொருத்தமாகும்.

குரல் அஞ்சல் வழங்கிகளுக்கிடையே செய்திகளைப் பரிமாறிக்கொள்ள வி.பி.ஐ.எம். என்னும் இணைய நியமம் 1996-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. 1998, 2004 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. ஒரு வழங்கியில் உள்ளவர் வேறு நிறுவனத்தின் வழங்கியில் உள்ளவருக்குக் குரல் செய்தி அனுப்ப இந்நியமம் உதவுகிறது. ஆயினும் இது செய்தியை அனுப்பும் முறையேயன்றி, பெட்டியைப் பெயர்க்கும் முறையன்று. கடிதம் அனுப்புவதற்கும் குடும்பத்தையே வேறு வீட்டிற்குக் குடிபெயர்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இவ்விரண்டிற்கும் இடையே உண்டு.

மாற்றத்தின் படிகள்

முதற்படி கணக்கெடுப்பு. எத்தனை பயனாளர், அவர்களுள் எவர் ஓய்வு பெற்றுவிட்டனர், எவருடைய பெட்டி பல மாதங்களாகத் திறக்கப்படவில்லை, எவை பதவியின் பெயரில் உள்ளவை, எவை தனிமனிதரின் பெயரில் உள்ளவை என்னும் விவரங்கள் தேவை. பயனற்ற பெட்டிகளையும் புதிய வழங்கிக்குச் சுமந்து செல்வது வீண் செலவு.

இரண்டாவது, எண் மோதலைத் தீர்த்தல். இரண்டு அலுவலகங்களிலும் 201 என்னும் உள்ளிணைப்பு எண் இருக்கக்கூடும். இரண்டையும் ஒரே வழங்கியில் வைக்க முடியாது. ஒவ்வோர் அலுவலகத்திற்கும் ஒரு முன்னொட்டு எண் அளிப்பது எளிய தீர்வு. முழுத் தொலைபேசி எண்ணையே முகவரியாகக் கொள்வது நிலையான தீர்வு. நாட்டுக் குறியீடு உட்பட 15 இலக்கங்களுக்கு மேற்படாத எண்ணை வகுத்துள்ள உலகப் பொது நியமம் இதற்குப் பயன்படும்.

மூன்றாவது, செய்திகளைப் பெயர்த்தல். இங்குச் சிறிது கணக்கு தேவைப்படுகிறது. தொலைபேசிப் பேச்சு வழக்கமாக ஒரு நொடிக்கு 8,000 முறை அளவிடப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்டுகளாகக் குறிக்கப்படுகிறது. அதாவது நொடிக்கு 64,000 பிட்டுகள். ஒரு நிமிடப் பேச்சுக்கு 480 கிலோபைட்டுகள். 500 பயனாளர் உள்ள ஓர் அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிட அளவிலான 20 செய்திகள் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 10,000 நிமிடங்கள், அதற்கு 4.8 கிகாபைட்டுகள். மலைப்பகுதியில் உள்ள ஒரு கிளை அலுவலகத்திற்கு நொடிக்கு 2 மெகாபிட் இணைப்பு மட்டும் இருப்பின், இதனை அனுப்ப 5 மணி 20 நிமிடம் ஆகும். அந்நேரம் முழுவதும் அவ்விணைப்பில் வேறு வேலை எதுவும் நடைபெறக்கூடாது. பேச்சைச் சுருக்கி நொடிக்கு 8,000 பிட்டுகளாக்கும் முறையைக் கையாண்டால் அளவு 0.6 கிகாபைட்டாகக் குறையும். நேரமும் 40 நிமிடமாகக் குறையும். ஆனால் ஒருமுறை சுருக்கிய குரலின் தெளிவை மீட்க இயலாது. முதியவரின் தளர்ந்த குரலும், இரைச்சலுக்கிடையே பேசியவரின் குரலும் மேலும் மங்கிவிடும். எனவே அலுவல் முடிந்த பின், இரவு நேரத்தில், சுருக்காமல் அனுப்புவதே விரும்பத்தக்கது.

செய்தியின் ஒலியோடு அது வந்த நாள், நேரம், அனுப்பியவர் யார், கேட்கப்பட்டதா இல்லையா என்னும் குறிப்புகளும் உடன் செல்ல வேண்டும். இக்குறிப்புகள் விடுபட்டால், மூன்று மாதப் பழைய செய்தியும் இன்று வந்ததைப் போல் தோன்றும். மேலும், பழைய வழங்கியில் அனுப்பியவரைக் குறித்த அடையாளம் புதிய வழங்கியில் பொருளற்றதாகிவிடும். பதில் அனுப்ப முயன்றால் அது சென்று சேராது. ஆதலால் பழைய அடையாளத்திற்கும் புதிய அடையாளத்திற்கும் பொருத்தப் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே தயாரித்தல் வேண்டும்.

நான்காவது, கடவு எண். நல்ல வழங்கியில் கடவு எண் அப்படியே எழுதி வைக்கப்படுவதில்லை. ஒரு கணித முறையால் மாற்றப்பட்ட வடிவமே சேமிக்கப்படுகிறது. அவ்வடிவத்திலிருந்து மூல எண்ணைக் கணித்துப் பெற வழியில்லாதபடி அம்முறை அமைந்துள்ளது. இரு வழங்கிகளின் முறைகளும் வேறுபடுமாயின் பழைய கடவு எண் புதியதில் செல்லாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் தற்காலிகக் கடவு எண் ஒன்று அளித்து, முதல் நுழைவிலேயே அதை மாற்றச் செய்ய வேண்டும். அனைவருக்கும் ஒரே தற்காலிக எண்ணை அளிப்பதும், அதனைச் சுற்றறிக்கையில் வெளியிடுவதும் ஆபத்தானவை. முதல் நாளிலேயே ஒருவர் மற்றவரின் பெட்டியைத் திறந்துவிட முடியும். இடமாற்ற நேரமே மோசடிக்கும் ஏற்ற நேரம் என்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் உணர்ந்துள்ளது. சிம் அட்டை மாற்றப்பட்ட 7 நாட்களுக்குள் எண் பெயர்வுக் குறியீடு அளிக்கப்படலாகாது என்னும் விதி 2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது இதனாலேயே.

ஐந்தாவது, அழைப்பைத் திருப்புதல். எவரும் எடுக்காத அழைப்பை எந்த வழங்கிக்கு அனுப்ப வேண்டும் என்பதைத் தொலைபேசி இணைப்பகம் தீர்மானிக்கிறது. பெட்டியைப் பெயர்த்துவிட்டு இணைப்பகத்தின் குறிப்பை மாற்றாவிடில், புதிய செய்திகள் பழைய பெட்டியிலேயே சென்று விழும். அவற்றை எவரும் கேட்கமாட்டார். குறிப்பை முன்னதாக மாற்றிவிட்டால், இன்னும் உருவாகாத பெட்டிக்கு அழைப்புகள் செல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ வேண்டும். ஆகவே அனைவரையும் ஒரே இரவில் மாற்றாமல், பிரிவு பிரிவாக மாற்றுவது நலம்.

செய்தி வந்திருப்பதை அறிவிக்கும் சிறு விளக்கைப் பற்றியும் இங்குச் சொல்ல வேண்டும். அவ்விளக்கை ஏற்றவும் அணைக்கவும் ஆணையிடுவது வழங்கியே. விளக்கு எரியும் நிலையில் பழைய வழங்கியிலிருந்து பெட்டி நீக்கப்பட்டால், அதை அணைக்க ஆணையிடுவோர் இல்லாது போகும். செய்தி இல்லாமலேயே விளக்கு நாட்கணக்கில் எரியும். சில நாட்களில் பணியாளர் அவ்விளக்கைப் பொருட்படுத்துவதையே விட்டுவிடுவார். உண்மையான செய்தி வந்தாலும் கவனியார். பெட்டியை நீக்குமுன் பழைய வழங்கியைக் கொண்டே விளக்கை அணைத்துவிடுதல் சிறிய முன்னெச்சரிக்கை. பெரிய தொல்லையை அது தவிர்க்கும்.

மூடுவதற்கு முன்

மாற்றம் முடிந்த மறுநாளே பழைய வழங்கியை நிறுத்திவிடும் ஆவல் இயல்பானது. மின்சாரமும் பராமரிப்புச் செலவும் மிச்சமாகும். ஆயினும் சில வாரங்களுக்கு அது புதிய செய்திகளை ஏற்காமல், படிப்பதற்கு மட்டும் இயங்கி வருதல் வேண்டும். எண்ணிக்கை பொருந்துகிறதா, தோராயமாகத் தெரிந்தெடுத்த சில செய்திகள் முழுமையாகக் கேட்கின்றனவா, நீண்ட விடுப்பிலிருந்து திரும்பியவர் தம் பெட்டியைத் திறந்து பார்த்தாரா என்பனவற்றை அக்காலத்தில் சரிபார்க்கலாம்.

அதன் பின்னர் பழைய செய்திகளை அழிப்பதிலும் முறை உண்டு. மத்திய அரசு, யூனியன் பிரதேச நிர்வாகங்கள், மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் ஆவணங்களுக்கு 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் பொருந்தும். கணினியில் உருவான பதிவுகளையும் அச்சட்டம் ஆவணமாகவே கருதுகிறது. தனிமனிதரின் விவரங்களைக் கையாள்வதற்கென 2023-ஆம் ஆண்டில் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஒன்று காக்க வேண்டியதைக் காக்கச் சொல்கிறது. மற்றது தேவை முடிந்ததை நீக்கச் சொல்கிறது. எவற்றைக் காப்பது, எவற்றை நீக்குவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அலுவலகத் தலைவர். அம்முடிவைப் பொறியாளரிடம் விட்டுவிடுதல் முறையன்று.

மின்னஞ்சல் தந்த பாடம்

முகவரியை மாற்றாமல் வழங்கியை மட்டும் மாற்றுவதன் நன்மைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு மத்திய அரசின் மின்னஞ்சல். தேசியத் தகவலியல் மையத்தின் அமைப்பில் இருந்த சுமார் 12 லட்சம் பணியாளர்களின் மின்னஞ்சல் கணக்குகள், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் அமைப்புக்கு மாற்றப்பட்ட செய்தி 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியாயிற்று. 2023-ஆம் ஆண்டில் ஏழு ஆண்டுகளுக்கு அளிக்கப்பட்ட ஒப்பந்தத்தின் அடிப்படையில் இது நிகழ்ந்தது. பயனாளரின் முகவரிகளில் உள்ள அரசின் ஆட்களப் பெயர் மாற்றப்படவில்லை. ஆகவே அரசுக்கு மடல் எழுதும் குடிமகன் தன் முகவரிப் பட்டியலில் ஓர் எழுத்தையும் திருத்த வேண்டியதில்லை. சேவையை அளிப்பவர் மாறலாம். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் மீண்டும் ஒருமுறையும் மாறலாம். முகவரி அரசின் கையில் இருக்கும் வரையில் பொதுமக்கள் அலைக்கழிக்கப்படுவதில்லை.

இதனின்றும் பெறத்தக்க பாடம் தெளிவானது. சேவையை வாங்கும் நாளிலேயே வெளியேறும் வழியும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். முகவரி எவருக்கு உரியது, செய்திகள் எந்தப் பொது வடிவத்தில் திருப்பி அளிக்கப்படும், மாற்றக் காலத்தில் பழைய சேவை எத்தனை நாள் தொடரும், அழித்ததற்குச் சான்று எவர் தருவார் என்னும் நான்கு விதிகள் இல்லாத ஒப்பந்தம் அரைகுறையானதே. விலையில் சிறிது குறைவாக உள்ளதெனக் கருதி இவ்விதிகளை விட்டுவிடும் நிறுவனம், சேவையாளரை மாற்ற இயலாத நிலைக்குத் தள்ளப்பட்டுப் பிற்காலத்தில் கூடுதல் விலை கொடுக்க நேரும். போட்டி என்பது சந்தையில் பல நிறுவனங்கள் இருப்பதனால் மட்டும் ஏற்படுவதன்று. வாங்குவோர் ஒன்றைவிட்டு மற்றொன்றுக்குச் செல்ல இயல்வதனாலேயே அது உயிர்பெறுகிறது. எண் பெயர்வு வசதியின் பொருளாதார அடிப்படையும் இதுவே ஆகும்.

எல்லைகளைக் கடந்து வாழும் மக்கள் நம் நாட்டில் ஏராளம். மாட்டுப்பட்டியில் தேயிலை பறிக்கும் தாய்க்கும் போடியில் படிக்கும் மகளுக்கும் இடையே மாநில எல்லையும், தொலைத்தொடர்பு வட்டத்தின் எல்லையும், நிறுவனங்களின் எல்லையும் குறுக்கிடுகின்றன. 2015-ஆம் ஆண்டில் எண் இவ்வெல்லைகளைக் கடக்க வழி பிறந்தது. எண்ணைத் தொடர்ந்து செய்தியும் கடப்பதற்கான வழிமுறைகள் தொழில்நுட்பத்தில் ஏற்கெனவே உள்ளன. அவற்றை விதியாகவும் ஒப்பந்தமாகவும் அன்றாட அலுவலக நடைமுறையாகவும் ஆக்குவதே எஞ்சியுள்ள பணி. அதுவரையில் இணைப்பை மாற்றும் ஒவ்வொருவரும் பழைய பெட்டியை ஒருமுறை திறந்து கேட்டுவிட்டு மாறுவது நன்று. பெட்டிகளை மாற்றும் ஒவ்வோர் அலுவலரும் அவற்றில் காத்திருக்கும் குரல்கள் பிறருடையவை என்பதை நினைவிற்கொண்டு செயல்படுவது கடமை.